கல்லுச் சடக்கு சைக்கிள்: சிங்கப்பூர்ல எங்கதான் ஓட்டுறது?

ஈசூன்_வேலன் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒரு கிராவல் சைக்கிள் வாங்கிட்டேன், தார் ரோட்டுலயும் மண்ணு, சரளைக்கல் பாதையிலயும் ஓட்டுறது. பழசுதான். வளைஞ்ச ஹேண்டில், 40 மில்லிமீட்டர் டயர். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி வீடியோ பாத்தேன். காட்டுக்குள்ள ஒரு மண் பாதை, கீழ ஆறு, பனிமூட்டம், எதிர்ல ஒரு ஆளு கிடையாது. வாங்கின மறுநாளு ஈசூன்லேருந்து செலேத்தார் வரைக்கும் சிமெண்டுப் பாதையில போயிட்டு வந்தேன். வழியில மூணு ஸ்கூட்டர், ஒரு பிறந்தநாள் பார்ட்டி, ஒரு ஐஸ்கிரீம் வண்டி. வீட்டுக்காரி கேட்டா, "இதுக்கா இவ்வளவு காசு?"

கேள்வி ஒண்ணுதான். காடும் ஆத்துப் பள்ளத்தாக்குமா, சிமெண்டு கம்மியா, ஒரு 50, 60 கிலோமீட்டர் இந்த ஊர்ல ஓட்ட வழி உண்டா? மடக்குற சைக்கிள் இல்ல, அதனால எம்ஆர்டி ரயில்ல ஏத்த முடியாது. வீட்டுலேருந்தே மிதிச்சுதான் போகணும்.


சும்மா_மிதி | சனி, இரவு 10.05

ஆத்துப் பள்ளத்தாக்கா? ரிவர் வேலி ரோடுன்னு ஒண்ணு இருக்கே, தெரியாதா? கிளார்க் கீ பக்கம் ஆரம்பிச்சு காண்டோ காண்டோவா பாத்துட்டே போகலாம். காடு வேணும்னா அந்த பால்கனிகள்ல நிறைய செடி வச்சிருக்காங்க.

சீரியஸா சொல்றேன். தீவே கிழக்கு மேற்கா 50 கிலோமீட்டர்தான். இங்க கிராவல் சைக்கிள்ங்கிறது மழைக்கோட்டு போட்டுக்கிட்டு குளிக்கிற மாதிரி. ரோடு சைக்கிள் வாங்கு, விடியக்காலையில லிம் சூ காங் போ, ஏழு மணிக்கு பிராட்டா சாப்பிடு, வீட்டுக்கு வா.


கம்பிச்சடக்கு_மகன் | ஞாயிறு, காலை 6.12

மிதி தம்பி கிண்டலுக்குச் சொன்னாலும் தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சிங்கப்பூரின் முதல் ரயில் 1903-இல் புறப்பட்டதே டேங்க் ரோட்டிலிருந்துதான். தைப்பூசத்துக்குக் காவடிகள் வந்து சேரும் தண்டாயுதபாணி கோவில் இருக்கிறதே, அந்த வட்டாரம், ரிவர் வேலிக்குப் பக்கத்திலேயே. அங்கிருந்து புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை ஓடியது. அப்போது ஜொகூர் பாலம் கிடையாது, அக்கரைக்குப் படகுதான். 1932-இல் பாதையைத் திருப்பி தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள். டேங்க் ரோடு நிலையத்தை மூடிவிட்டார்கள்.

அந்தத் திருப்பிய பாதைதான் வேலன் தம்பி தேடுகிற பாதை. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி ரயில் போனது, ஜொகூர் சுல்தானே ஓட்டினார். மறுநாள் மலேசிய ரயில்வே கையிலிருந்த நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிச்சம் இருப்பது 24 கிலோமீட்டர் பச்சை. இன்றைக்கு ரயில் காரிடார் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கம்பிச் சடக்கு. சடக்கு என்றால் சாலை. என் தகப்பனார் அதில் வேலை பார்த்தவர். அதைப் பிறகு எழுதுகிறேன், பேரனைப் பள்ளிக்கூட விளையாட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.


தெம்பனிஸ்_தாரிணி | ஞாயிறு, காலை 11.30

வேலன், சும்மா_மிதி சொல்றத காதுல போட்டுக்காதீங்க. அவர் சைக்கிள் கழுவுறதுக்கு ஓட்டுறவர்.

நான் நாலு வருஷமா ஓட்டுறேன். ஒரு விஷயத்த முதல்ல ஒத்துக்கணும். வீடியோல பாத்த நீளமான காட்டுப் பாதை இங்க கிடையாது. இங்க இருக்கிறது துண்டு துண்டா. கிராவல் சைக்கிளோட வேலையே அந்தத் துண்டுகளத் தைக்கிறதுதான். மலை சைக்கிள்ல தார் ரோட்டுல 20 கிலோமீட்டர் போனா உசுரு போகும். ரோடு சைக்கிள்ல மண்ணுல இறங்கினா டயர் போகும். நடுவுல நிக்கிறது நம்ம வண்டி.

ஈசூன்லேருந்து நான் போடுற வழி இது. மண்டாய் ரோடு வழியா கிராஞ்சி. விடியக்காலையில போங்க, அங்க லாரி ஜாஸ்தி. கிராஞ்சிப் பக்கம் ரயில் காரிடார்ல ஏறி தெக்க திரும்புங்க. அங்கதான் உங்க ஆறு வரும், பாங் சுவா. ஆறுன்னு சொல்றது கொஞ்சம் மரியாதைக்கு. பல இடத்துல கரை கட்டின கால்வாய்தான். ஆனா விடிஞ்ச உடனே போனீங்கன்னா தண்ணிமேல லேசா ஆவி நிக்கும், நாரை ஒத்தக்கால்ல நிக்கும், பக்கத்துல இருக்கிற வீவக அடுக்குமாடி புளோக்கு பனியில பாதி மறைஞ்சிருக்கும். அந்த ரெண்டு நிமிஷம் வீடியோதான்.

புக்கிட் பாஞ்சாங் தாண்டினதும் காரிடார விட்டு இடது பக்கம் வெளிய வந்து செங்ஹுவா, அப்படியே செஸ்ட்நட் பூங்கா. 81 ஹெக்டர், சைக்கிளுக்குத் தனிப் பாதை, நடக்கிறவங்களுக்குத் தனிப் பாதை. சைக்கிள் பாதை மொத்தம் 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நீலக் குறி போட்டது நம்ம வண்டிக்குப் போதும். கறுப்புக் குறியில இறங்காதீங்க. நான் இறங்கி, முன் சக்கரம் வேர்ல மாட்டி, ஹேண்டிலுக்கு மேல பறந்து போய் ஒரு பெரணிச் செடியக் கட்டிப்பிடிச்சேன்.

திரும்பி டெய்ரி ஃபார்ம் பக்கம் வந்தா மறுபடி காரிடார். பேருக்கேத்த மாதிரி அது நெசமாவே மாட்டுப் பண்ணையா இருந்த எடம். உள்ள இருக்கிற வாலஸ் கல்வி நிலையம் ஒரு காலத்துல மாட்டுக் கொட்டகை. குரங்கு உண்டு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டா போதும், வந்துடும். சாப்பாட்ட சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்கோங்க, ஹேண்டில்ல தொங்க விடாதீங்க.

அங்கேருந்து இரும்புப் பாலம், புக்கிட் தீமா ரயில் நிலையம், புவன விஸ்தா, காமன்வெல்த். கடைசி வரைக்கும் போனா ஸ்பூனர் ரோடு. ஏறக்குறைய எல்லாம் சமதளம். ரயில் ஏறின பாதை, மேடு இருக்காது.


ஈசூன்_வேலன் | ஞாயிறு, பகல் 1.15

அக்கா, கோடி நன்றி. புவன விஸ்தா! சிரிச்சுட்டேன்.

ஒரு சந்தேகம். டயர்ல காத்து எவ்வளவு? வித்த ஆளு ட்யூப்லெஸ்னு சொன்னாரு. நேத்து ஒரு கடையில காட்டினேன், "நல்லாத்தான் இருக்கு"ன்னு 60 பி.எஸ்.ஐ அடிச்சு அனுப்பிட்டாங்க. செங்கல் மேல உக்காந்து வந்த மாதிரி இருந்துச்சு. பாதி வழியில உஸ்ஸுன்னு முழு காத்தும் போயிடுச்சு.


தெம்பனிஸ்_தாரிணி | ஞாயிறு, பகல் 1.40

புவன விஸ்தா என் பாட்டி சொல்ற பேரு, விரல் தானா அடிச்சுடுச்சு. புவோனா விஸ்தா.

60-ங்கிறது ரோடு சைக்கிளுக்கு அடிக்கிற அளவு, நம்ம டயருக்கு ரொம்ப ஜாஸ்தி. நீங்க எத்தன கிலோ? 70 கிட்டன்னா முன்னால 30, பின்னால 33 வச்சுப் பாருங்க. டயர் வேர்மேல ஏறும்போது கொஞ்சம் அமுங்கணும், ரிம் தட்டக்கூடாது. அதுதான் அளவு.

உஸ்ஸுன்னு போனதுக்குக் காரணம் டயருக்குள்ள ஓட்டைய அடைக்க ஊத்துற பால் காஞ்சு போயிருக்கும். குளிர் நாட்டுல ஆறு மாசம் தாங்குறது நம்ம வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல ரப்பர் உருண்டையா ஆயிடும். சக்கரத்தக் கழட்டி ஆட்டிப் பாருங்க. தண்ணி சத்தம் கேக்கலன்னா காலி. பழைய சைக்கிள் வாங்குறவங்க முதல் வேலையா இதச் செய்யணும்.


நடைராணி | ஞாயிறு, மாலை 4.20

நான் சைக்கிள் ஓட்டுறவ இல்ல. தேடல்ல இந்த இழை வந்துச்சு, படிச்சேன், சும்மா போக மனசு வரல.

போன மாசம் எங்கம்மாவ கூட்டிக்கிட்டு அந்த இரும்புப் பாலத்துல நடந்தேன். அம்மாவுக்கு 74, கைத்தடி வச்சிருக்காங்க. பின்னாலேருந்து நாலு சைக்கிள். மணி கிடையாது. "ரைட்! ரைட்!"னு கத்திக்கிட்டு வர்றாங்க. அம்மா வலது பக்கம் நகரச் சொல்றாங்கன்னு நெனச்சு வலது பக்கமே போனாங்க. ஹேண்டில் கைத்தடியில இடிச்சுது. விழல, கடவுள் புண்ணியம். நிறுத்தக்கூட இல்ல அந்தப் பசங்க.

"ஆளு கிடையாத பாதை" வேணும்னு எழுதியிருக்கீங்களே தம்பி, நாங்க எங்க நடக்கிறது?


சும்மா_மிதி | ஞாயிறு, மாலை 4.55

நடக்கிறவங்களும் காதுல இயர்போன மாட்டிக்கிட்டு மூணு பேர் கைகோத்துக்கிட்டு பாதைய அடைச்சுக்கிட்டுத்தானே போறாங்க.


நடைராணி | ஞாயிறு, மாலை 5.02

எங்கம்மா எந்த இயர்போன மாட்டியிருந்தாங்க?


தெம்பனிஸ்_தாரிணி | ஞாயிறு, மாலை 5.30

மிதி, இதுல உங்க பக்கம் நான் இல்ல.

நடைராணி, அம்மாவ விசாரிச்சதா சொல்லுங்க. பகிர்பாதையில அதிகபட்சம் 25 கிலோமீட்டர்னு விதி இருக்கு, நடைபாதையில 10. ஆனா ஒரு வயசானவங்க பின்னால 25-ல போறது விதிப்படி சரின்னாலும் மனுஷத்தன்மைப்படி தப்பு. பாலத்துல நான் எறங்கித் தள்ளிட்டுப் போறேன். கொஞ்ச தூரந்தான், என்ன கொறஞ்சு போகுது?

"ரைட்"னு கத்துறது இந்த ஊர்ல உருப்படாது. வெளிநாட்டு வீடியோல கத்துக்கிட்டது. பத்து வெள்ளிக்கு ஒரு பித்தளை மணி வாங்குங்க. தூரத்துலயே ஒரு தடவ, மெதுவா. கிட்ட வந்து அடிச்சா அது மணி இல்ல, அதட்டல். தமிழ் ஆளுன்னு தெரிஞ்சா நான் "அம்மா, பின்னால வர்றேன்"னுதான் சொல்லுவேன். திரும்பிப் பாத்து சிரிப்பாங்க.

சனி ஞாயிறு ஏழு மணிக்கு மேல ஹில்வியூவுக்கும் புக்கிட் தீமா நிலையத்துக்கும் நடுவுல சைக்கிளே எடுத்துட்டு வராதீங்க. அது நடக்கிறவங்க நேரம்.


பாசிர்ரிஸ்_பாண்டி | ஞாயிறு, இரவு 8.45

எல்லாரும் மேற்கையே பேசுறீங்க. கிழக்க ஒரு தீவே கிடக்கு. உபின்!

சாங்கி முனை படகுத்துறை. ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்கு 2 வெள்ளி தனி. 12 பேர் சேந்தாத்தான் படகு கிளம்பும். அவசரம்னா 48 வெள்ளி குடுத்து முழுப் படகும் எடுக்கலாம், ஆனா உபினுக்குப் போறவனுக்கு என்ன அவசரம்? காத்துக்கிட்டிருங்க. போன தடவ எங்கூட ஒரு மலாய் பாட்டி, ஒரு கூடை நிறைய கோழிக்குஞ்சு, என் சைக்கிள் ஹேண்டில்ல சாஞ்சுக்கிட்டு தூங்கிட்டாங்க.

எறங்கினதும் இடது பக்கம் போனா கேத்தாம் மலை சைக்கிள் பூங்கா. 2008-ல திறந்தது, பழைய கல்குவாரிய சுத்திப் போகுது. குவாரியில இப்ப தண்ணி, பச்சையா, ஆழமா, மேல கழுகு. பாதையில கிடக்கிற கல்லு பூராவும் கருங்கல் துண்டு. ஊர் பேரே அதுதான், மலாய்ல "பாத்து உபின்"னா கருங்கல். ஜொகூர் பாலம் கட்ட, ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்ட, எல்லாம் இங்க வெட்டின கல்லு. சிங்கப்பூர்ல உண்மையான கிராவல் எங்கேன்னு கேட்டா நான் இங்கதான் காட்டுவேன். மத்ததெல்லாம் லாரியில கொண்டு வந்து கொட்டினது.

எச்சரிக்கை: உதிரிக்கல் இறக்கத்துல முன் பிரேக்கப் புடிக்காதீங்க. நான் புடிச்சேன். முழங்கால்ல ஏழு தையல். கிளினிக்குல அந்த டாக்டரம்மா இடுக்கியால ஒவ்வொரு கல்லா எடுத்து ஒரு தட்டுல போட்டாங்க, டிங், டிங்னு. ஒண்ண கேட்டு வாங்கி வச்சிருக்கேன், மேசையில இருக்கு.

செக் ஜாவா சதுப்புநிலத்துல பலகைப் பாதையில சைக்கிள் கூடாது, வெளிய பூட்டி வச்சுட்டு நடங்க. காட்டுப்பன்னி படகுத்துறை வரைக்கும் வரும். பையில நாசி லெமாக் இருந்தா உங்களோடது இல்ல.


ஈசூன்_வேலன் | ஞாயிறு, இரவு 9.20

பாண்டி அண்ணே, அந்த டிங் டிங் எனக்கு இன்னிக்கு தூக்கத்துல கேக்கும்.

நடைராணி அக்கா, நான் எழுதினது தப்பான அர்த்தத்துல வந்துடுச்சு. மன்னிச்சுக்கோங்க. மணி வாங்கிடுறேன்.

இன்னொண்ணு. கிராவல் சைக்கிளுக்கு தமிழ்ல என்ன சொல்றது? சரளைக்கல் மிதிவண்டின்னு போட்டுப் பாத்தேன், வண்டியில கல் ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு.


பாசிர்ரிஸ்_பாண்டி | ஞாயிறு, இரவு 9.31

ஜல்லி சைக்கிள். சென்னைக்காரன் ஒருத்தன் சொன்னான். கேட்டா கான்கிரீட் போடுற வேலை மாதிரி இல்ல?


கம்பிச்சடக்கு_மகன் | திங்கள், காலை 5.50

பெயர் தேட வேண்டியதே இல்லை. தோட்டத்துச் சனங்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள். தார் போட்டது தார்ச் சடக்கு, செம்மண் போட்டது மண் சடக்கு, கல் கொட்டியது கல்லுச் சடக்கு, தண்டவாளம் கம்பிச் சடக்கு. வேலன் தம்பி ஓட்டப் போவது கல்லுச் சடக்கு சைக்கிள். முடிந்தது.

நேற்று சொன்னதன் மீதி. அப்பா ரயில்வேயில் லைன் பார்க்கும் வேலை செய்தார். குவீன்ஸ்வே பக்கம் குடியிருப்பு. காலையில் ஒரு நீளமான சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். தண்டவாளத்தைத் தட்டுவார். சத்தம் கணீரென்று வந்தால் சரி. மந்தமாக வந்தால் அந்த இடத்தில் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது கட்டைக்கு அடியில் கல் இறங்கியிருக்கிறது. குனிந்து கல்லைத் தள்ளி இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மழைக்காலம் முழுக்க இதே வேலை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, எந்தக் கல் எந்தக் கல்லோடு பூட்டிக்கொள்ளும் என்று காட்டினார். உருண்டைக் கல் ஆகாது, நழுவும். உடைத்த கல், முனை உள்ள கல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாண்டி தம்பியின் முழங்காலுக்குள் போனதும் அதே முனைதான்.

புக்கிட் தீமா நிலையத்தில் வளையம் மாற்றுவதைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போவார். ஒற்றைப் பாதை ஆயிற்றே, எதிரே ரயில் வரக்கூடாது. கம்பி வளையத்தில் ஒரு சாவி இருக்கும். அது கையில் இருக்கிற ஓட்டுநருக்குத்தான் அடுத்த பகுதியில் போக உரிமை. ரயில் நிற்காது, வேகம் மட்டும் குறையும். நிலையத்துக்காரர் வளையத்தை நீட்டுவார், ஓட்டுநர் கையை விட்டு மாட்டிக்கொண்டு போவார். 2011 வரை அப்படித்தான் நடந்தது. அந்த நிலையம் இப்போது புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். கொஞ்சம் தண்டவாளத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். நின்று பாருங்கள்.

குவீன்ஸ்வே ரயில்வேக்காரர்கள் 1932-இல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு குடிசையில் முனீஸ்வரரை வைத்துக் கும்பிட்டார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோவில். காரிடாரிலிருந்து அதிக தூரமில்லை. வழியில் தண்ணீர் பிடித்துக்கொள்ள நல்ல இடம்.


சும்மா_மிதி | திங்கள், காலை 8.10

சரி அண்ணே. இதுக்கு நான் கிண்டல் பண்ண மாட்டேன்.


நடைராணி | திங்கள், காலை 8.44

ஐயா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவங்க தஞ்சோங் பகார்லேருந்து குளுவாங்குக்கு ரயில்ல போனவங்க. "தட்டிப் பாக்குற ஆளுங்கள ஜன்னல் வழியா பாத்திருக்கேன், ரயில் போறப்ப ஒதுங்கி நின்னு கையாட்டுவாங்க"ன்னாங்க.


பாசிர்ரிஸ்_பாண்டி | திங்கள், பகல் 12.35

ஜொகூர் பத்தியும் ஒரு வார்த்தை. நீளமான சடக்கு வேணும்னா அங்கதான். சாங்கி முனையிலேருந்தே பெங்கேராங்குக்குப் படகு இருக்கு, பாஸ்போர்ட் மறக்காதீங்க. அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம், செம்மண் சடக்கு கண்ணுக்கெட்டின தூரம். ஆனா மூணு விஷயம். தோட்டம் தனியார் எடம், காவக்காரர்ட்ட கேட்டுட்டு உள்ள போங்க. நாய் துரத்தினா மிதிக்காதீங்க, எறங்கி சைக்கிள நடுவுல வச்சுக்கிட்டு நடங்க. மழை பேஞ்ச மறுநாள் போகவே போகாதீங்க. அந்த மண்ணு டயர்ல ஒட்டி, போர்க்குல அடைச்சு, சக்கரமே சுத்தாது. நான் ஒரு தடவ சைக்கிளத் தோள்ல சுமந்து நாலு கிலோமீட்டர் நடந்தேன். பழங்குலை ஏத்தற லாரிக்காரர் ஒருத்தர் ஏத்திக்கிட்டார். அவரு தமிழ்தான். வழி பூரா "காசு குடுத்து வாங்கினதயா தூக்கிட்டு வர்றீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு.


ஈசூன்_வேலன் | அடுத்த ஞாயிறு, மாலை 6.50

போயிட்டு வந்துட்டேன். மொத்தம் 61 கிலோமீட்டர்.

அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னு இருந்தேன். நாலரைக்கு சுமத்ராக் காத்து. ஜன்னல் எல்லாம் படபடன்னு, ஒரு மணி நேரம் கொட்டித் தீத்துடுச்சு. ஆறே காலுக்குத்தான் கிளம்பினேன். டயர்ல முன்னால 30, பின்னால 33. அக்கா சொன்ன மாதிரி உள்ள ரப்பர் உருண்டைதான் இருந்துச்சு, கோலிக்குண்டு அளவுக்கு. புதுசா ஊத்தினேன்.

பாங் சுவா நெறஞ்சு ஓடுச்சு, பால்கோப்பி நிறத்துல. ஆவியும் இல்ல, நாரையும் இல்ல. ஒரு உடும்பு மட்டும் பாதை நடுவுல படுத்துக்கிட்டு நகரவே இல்ல. மணி அடிச்சேன். என்னப் பாத்துச்சு. நான்தான் சுத்திப் போனேன்.

காரிடார்ல பள்ளம் பள்ளமா தண்ணி. ஒதுங்கிப் போய் புல்ல நாசம் பண்ணாம நடுவுலயே விட்டேன், முதுகெல்லாம் சேறு. செஸ்ட்நட் ஈரமா இருந்ததால உள்ள போகல. இரும்புப் பாலத்துக்கு முன்னால எறங்கிட்டேன். தள்ளிக்கிட்டுப் போறப்ப ஒரு சீன தாத்தா தம்ஸ் அப் காட்டினாரு.

புக்கிட் தீமா நிலையத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். தண்டவாளத்து ஓரமா ஒரு கல்லு எடுத்துப் பாத்தேன், நாலு பக்கமும் முனை. திருப்பி அதே எடத்துல வச்சுட்டேன். அப்புறம் சாவியால தண்டவாளத்த ஒரு தட்டு தட்டினேன். கணீர்னு வரல ஐயா. டொக்குன்னு வந்துச்சு.


கம்பிச்சடக்கு_மகன் | அடுத்த ஞாயிறு, இரவு 7.15

வீட்டுச் சாவியால் தட்டினால் அப்படித்தான் வரும் தம்பி. அடுத்த தடவை சொல்லுங்கள், அப்பாவின் சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது. காவலாளி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி.


நடைராணி | அடுத்த ஞாயிறு, இரவு 7.32

என்னைக்குன்னு சொல்லுங்க. அம்மாவும் வர்றாங்களாம்.